பார்க்கத்தான் வந்தவர்

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சிருச்சு, அது போதாதா? மியூசியத்துல ஒனக்கு என்னா வேல?"

மாமா இப்படிக் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவின் அண்ணன். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் எங்கள் வீட்டுச் சந்தில் நின்று, பக்கத்து வீடுகளிலும் விழட்டும் என்று குரலை உயர்த்தியே கேட்டார். கெட்டவர் இல்லை. நான் உயர்தரப் பரீட்சையில் பாஸ் பண்ணியபோது சந்து முழுவதற்கும் டொபி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் ஒருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் அப்பா, எந்தக் கடதாசி வந்தாலும் இடது கைப் பெருவிரலை மையில் வைத்து ஒற்றுவார். அம்மாவும் அப்படியே. அதனால் நான் கையெழுத்துப் போடும்போது வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். கடைசி எழுத்தின் வாலை இழுத்து, பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளிகள் நானே யோசித்துச் சேர்த்தவை.

மாமா கேட்கக் கேட்கவே நான் செருப்பை மாட்டினேன். அப்படி ஒரு கேள்வி இருப்பதையே ஏற்றுக்கொள்ளாத ஒரு பெண்ணோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றத் தொடங்கியிருந்தேன். அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர் பக்கத்தில் இருக்கும்போதே நான் ஒரு பொய்யின் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். கோடும் இரண்டு புள்ளியும் சேர்த்துத்தான். ஏழு வருடமாக அந்தக் கடதாசி கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் கிடக்கிறது. அதை எப்படித் திருப்பி எடுப்பது என்பதே இத்தனை நாளும் என் கவலை.

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதலாமா என்று கேட்க அவருடைய விலாசம் என்னிடம் இல்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கி வைத்திருக்கும் ஒரு யார்டின் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் தொலைபேசிக்கும் கோப்புகளுக்கும். அவர் லொறிகளுக்குக் கேட் பாஸ் அடித்துக் கொடுப்பவர். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், என்ன சரக்கு, எதற்கு என்று காலை எட்டு மணியிலிருந்து டிரைவர்களைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வார். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். யாழ்ப்பாணத்தவர். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அறை எடுத்துத் தனியாக இருந்தார். நடக்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி. பெண்கள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. யார்டில் கிளீனர்கள் அவருக்குப் பின்னால் அதே மாதிரிக் கையைக் கட்டி நடந்து காட்டுவார்கள். ஒருநாள் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யுத்தத்தின் நடுவே அந்த வருடங்களில் கொழும்பில் தமிழர் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்குவோம். சந்திக்குச் சந்தி தடை முகாம். அடையாள அட்டையைக் காட்டியதும் அடுத்த கேள்வி, "கொஹெத யன்னே?" எங்கே போகிறாய்? அதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட பதில்கள் ஐந்தாறு இருந்தன. ஆஸ்பத்திரி. பாஸ்போர்ட் கந்தோர். கோவில். செத்த வீடு. வேலைத்தலம். எங்கள் அலுவலகத்து டிரைவர் ஒருவர் பெரியாஸ்பத்திரித் துண்டொன்றை இரண்டு வருடமாக மடித்து வைத்திருந்தார். வெற்றிலைச் சாறு பட்டு அதில் மருந்தின் பெயரே தெரியாது. என் அம்மா, நான் எங்கே போனாலும், கையில் ஒரு அர்ச்சனைத் தட்டுப் பையைத் திணித்துவிடுவாள். உள்ளே ஒரு தேங்காயும் கற்பூரமும். "கேட்டா முருகன் கோயிலுக்குன்னு சொல்லு." அந்தத் தேங்காய் என்னோடு பம்பலப்பிட்டி வரைக்கும் போய் வந்திருக்கிறது.

அவரிடம் துண்டும் இல்லை, தேங்காயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு இடம் பார்ப்பார், ஒரு கடையில் சாப்பிடுவார். வாரத்துக்கு ஒன்று. கேட்டால் அதையே சொல்வார்.

முதல் தடவை நான் அவரோடு போனது கறுவாத்தோட்டத்து மியூசியத்துக்கு. அங்கே போவதற்கு முன் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த ஆமிக்காரன் சின்னப் பையன். அவருடைய அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தான். பிறகு கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"கொஹெத யன்னே?"

"மியூசியம் எக்கட்ட."

"மொகட்டத?" எதற்கு?

"பலன்ன." பார்க்க.

அவனுக்கு இது பிடிபடவில்லை. "நிகங்?" என்றான். சும்மாவா?

"நிகங்," என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

 அவன் வரிசையைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். பஸ்ஸில் ஏறியதும் நான் கோபத்தோடு, "கோயிலுக்குன்னு சொன்னா என்னக்கா? வாய் நோகுமா?" என்றேன்.

"கோயிலுக்குப் போகேக்க கோயிலுக்கெண்டு சொல்லுவன்."

மியூசியத்துக்குள் நான்தான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் இருந்த பலகையை வாசித்து, எந்த ராசா, எந்த நூற்றாண்டு என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் படித்தவள் அல்லவா. சிம்மாசனம் வரைக்கும் பொறுத்தார். அதற்குப் பிறகு, "நீர் வாசியும். எனக்குச் சொல்லாதேயும். நான் பார்க்கிறன்" என்றார். பலகைகளை அவர் வாசிக்கவே மாட்டார். பேய் முகமூடிகள் தொங்கிய சுவருக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் நின்றார். தலையெல்லாம் பாம்பு, பிதுங்கிய கண், வெளியே நீட்டிய நாக்கு.

"என்னக்கா பாக்குறீங்க அதுல?"

"இவரை எங்கட மனேஜருக்குத் தம்பி எண்டு சொல்லலாம். மூக்கைப் பாரும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். காவலாளி எட்டிப் பார்த்தான்.

மறுநாள் விஷயம் அலுவலகத்தில் பரவியது. எங்கள் தலைமை எழுதுவினைஞர் வெள்ளவத்தையில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர். அவருக்கு இவர்மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. "நல்ல வேலை பிள்ளை. அங்க தமிழ் எழுத்து வெட்டின கல்லு ஒண்டு கிடக்கு. அதைப் பார்க்கத்தானே போனனீங்கள்? நாங்கள் இஞ்ச எவ்வளவு காலமா இருக்கிறம் எண்டதுக்கு அது அத்தாட்சி."

"கண்டனான்," என்றார் அவர். "நல்ல கல்லு. ஆனா நான் அதுக்குப் போகேல்லை."

"பிறகு என்னத்துக்கு?"

"மியூசியம் பார்க்க."

பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. அன்றுதான் எனக்கு விளங்கியது, ஆமிக்காரனுக்குச் சொன்ன அதே பதிலைத்தான் இவருக்கும் சொல்கிறார் என்று. பயந்து சொல்லும் காரணமும் வேண்டாம், பெருமைக்குச் சொல்லும் காரணமும் வேண்டாம். இது கொழும்பு, நான் இங்கே இருக்கிறேன், இதைப் பார்ப்பேன். வேறு ஒரு வரியும் சேர்க்கமாட்டார்.

கொட்டாஞ்சேனையில் குன்றின் மேல் நிற்கும் டச்சுக்காலத்துப் பழைய தேவாலயத்துக்குப் போனோம். எங்கள் சந்திலிருந்து நடக்கும் தூரம். பிறந்ததிலிருந்து அதன் கூரையைப் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. தரை முழுவதும் கல்லறைக் கற்கள். கப்பலும் மண்டையோடும் செதுக்கியிருக்கும். பராமரிக்கும் கிழவர் திறப்புக் கொத்தோடு பின்னால் வந்து சிங்களத்தில் கேட்டார்: "உங்களுடைய ஆட்கள் யாரையாவது இங்கே அடக்கம் பண்ணியிருக்கிறதா?"

"இல்லை."

"கலியாணம் எழுத வந்தீர்களா?"

"இல்லை."

கிழவர் யோசித்தார். அவருக்கும் காரணங்கள் தீர்ந்துவிட்டன. கடைசியில் தானே போய் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளிச்சம் விழும் கல்லைக் காட்டினார். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கால் குளிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இப்படி ஒரு குளிர்ச்சி இருந்திருக்கிறது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

சாப்பாட்டுக் கடையிலும் அவருடைய பிடிவாதம் அதே பிடிவாதம். புறக்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு முஸ்லிம் ஹோட்டல். பெண்கள் வந்தால் பின்பக்கம் திரை போட்ட அறைக்குள் அனுப்பிவிடுவார்கள். முதலாளி காசு மேசையிலிருந்தே கையைக் காட்டினார்.

"உள்ளுக்கு பெமிலி ரூம் ஈக்கி. பொம்புளயள் அங்கதான் இரிக்கிற."

"அங்க திரைதானே கிடக்கு நானா. நான் என்னத்தைப் பார்க்கிறது?"

"பாக்கவா வந்த, திங்கவா வந்த?"

"ரெண்டுக்கும்தான்."

கடையில் இருந்த ஆண்கள் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் வாசல் பக்க மேசையில் தெருவைப் பார்க்க உட்கார்ந்து, இரண்டு ரொட்டியும் கறியும், பிறகு இனிப்புக்கு வட்டிலப்பமும் சொன்னார். சாப்பிட்டு முடிந்ததும் தீர்ப்பு. அவருடைய தீர்ப்புகள் இரண்டே இரண்டு. "ஒருக்கால் காணும்" என்றால் ஒரு தடவை போதும், இனி வரமாட்டார். "திரும்பி வரலாம்" என்றால் அதற்கு மேல் புகழ்ச்சி இல்லை. மியூசியத்துக்கும் அதுதான், சம்பலுக்கும் அதுதான். அந்த வட்டிலப்பத்துக்கு "திரும்பி வரலாம்" கிடைத்தது. மூன்றாம் தடவை போனபோது முதலாளி எங்களைக் கண்டதும் உள்ளே குரல் கொடுத்தார்: "வந்திட்டாங்கோ! ரோட்டுப் பக்க மேசய தொடைங்கோ!"

இதையெல்லாம் எழுதும்போது அவரை வைத்து எல்லோரும் மகிழ்ந்திருந்தது போல் தோன்றும். உண்மை அப்படியில்லை. அவர் பக்கத்தில் இருப்பது இலேசான காரியம் அல்ல. ஒருமுறை தலைமை எழுதுவினைஞர் காய்ச்சல் என்று லீவு போட்டார். மனேஜர் யதேச்சையாக இவரிடம், பெரியவருக்கு எப்படி என்று கேட்டார். "காய்ச்சல் எண்டு எனக்குத் தெரியாது. மகளின்ட பள்ளிக்கூட விஷயமாப் போறதாச் சொன்னவர்." ஒரு மாதம் பெரியவர் இவரோடு கதைக்கவில்லை. "ஏனக்கா, தெரியாதுன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "தெரியுமே" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அதில் வருத்தமும் இல்லை, வெற்றியும் இல்லை. அன்று அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

நகரத்தில் குண்டு வெடித்த வாரம் அது. எல்லோரும் வீட்டோடு இருங்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். மாமா சந்தில் நின்று கேட்டதும் அன்று காலைதான். நான் மாமாவின் கண் முன்னாலேயே தலையைச் சீவி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தேங்காய்ப் பையையும் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனேன்.

புறக்கோட்டையில் டச்சுக்காலத்து மியூசியத்தைப் பார்த்தோம். முற்றத்தில் கிணறு, மாடியில் நான்கு பேர் படுக்கக்கூடிய கட்டில். அங்கிருந்து கோட்டைக்கு நடந்து மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்க்கலாம் என்றார். ஒரு காலத்தில் அது கப்பல்களுக்கு வழி காட்டிய வெளிச்சவீடு. இன்று சுற்றிலும் கட்டிடங்கள் எழும்பிவிட்டன, அதன் காலடியில் நின்றால் கடல் தெரியாது. அதைத்தான் அவர் பார்க்க விரும்பினார், கடலை இழந்த வெளிச்சவீடு எப்படி நிற்கிறது என்று.

கோட்டைக்குள் நுழையும் தடையில் எங்களை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் தெரு வெறிச்சென்று இருந்தது. நாங்கள் இரண்டு பேர்தான். ஆமிக்காரன் என்னைத்தான் முதலில் கேட்டான்.

இரண்டு பேர் சேர்ந்து போனால், தடைக்கு வருவதற்கு முன் ஒரு காரணத்தைப் பேசி வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருப்போம். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இத்தனை வாரமும் எங்கள் இருவருக்காகவும் அவரே பேசியிருந்தார். அன்று கேள்வி என்னிடம் வந்ததும், என் வாய் தானாகவே திறந்தது.

"பெரியாஸ்பத்திரிக்கு. சித்தி அங்கே வார்டில் இருக்கிறா. வழி தவறிவிட்டது."

எனக்குச் சித்தியே இல்லை.

அவன் தலையை ஆட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினான். "நீங்கள்?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன்.

"மணிக்கூட்டுக் கோபுரம் பார்க்க," என்று சிங்களத்தில் சொன்னார்.

ஒரே இடத்தில் நிற்கும் இரண்டு பெண்கள், இரண்டு கதை. ஒருத்தியின் அட்டையில் யாழ்ப்பாணம். அதற்குப் பிறகு எங்களை ஜீப்பில் ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் உட்காரவைத்தார்கள். மத்தியானம் போய் மூன்று மணி ஆனது. யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன் வயதானவர். எங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். எங்கள் யார்டுக்கும், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை டெலிபோனுக்கும் அழைத்து விசாரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, கேள். இந்த வாரத்தில் கோட்டையைப் பார்க்க வந்தோம் என்று நான் எழுதினால், மேலே இருக்கிறவர்கள் நாலு கேள்வி கேட்பார்கள். எதற்குப் பார்த்தார்கள், யாருக்காகப் பார்த்தார்கள் என்று. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தவறி வந்தோம் என்று எழுதிவிடுகிறேன். கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பேரையும் பின்னேரமே விட்டுவிடுவேன்."

சார்ஜன் நல்லது செய்யத்தான் நினைத்தார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிங்களத்தில் எழுதி முடித்து, ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தும் காட்டினார். தனக்கு விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட எத்தனையோ பேர் எங்களில் உண்டு. எனக்கு அந்தச் சாக்கு இல்லை. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

நான் பக்கத்தில் இருந்த அவரைப் பார்த்தேன். "அக்கா, போடுங்கக்கா. வீட்டுக்குப் போயிரலாம்."

"நான் போடேல்லை. நான் சொன்னதை எழுதட்டும், போடுறன்."

"நான்?"

"உம்மட கை. நீர் யோசியும்."

அதில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. நான் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி என்பது போல், பேனையை என் பக்கம் நகர்த்திவிட்டார். அதுதான் பெரிய கொடுமை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்தாவது இருப்பேன்.

நான் போட்டேன். கை பழக்கத்தில் ஓடியது. வாலை இழுத்து, கோடு போட்டு, இரண்டு புள்ளி. சார்ஜன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஹொந்த அத்சன" என்றார். நல்ல கையெழுத்து.

ஐந்து மணிக்கு அப்பா வந்தார். வேலைச் சாரத்தை மாற்றிக் கலியாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பொறுப்பெடுத்ததற்கு அவரிடமும் ஒரு ஒப்பம் கேட்டார்கள். பெருவிரலை நீட்டினார். மை துடைக்கத் துணி இல்லாமல் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு, என் கடதாசியை எட்டிப் பார்த்தார்.

"இது என் மகளோடது. படிச்ச புள்ள," என்று சார்ஜனிடம் பெருமையாகச் சொன்னார்.

வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை விட்டது மறுநாள் மத்தியானம், மனேஜர் நேரில் போன பிறகு. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல எட்டு மணிக்குக் கேட் பாஸ் அடிக்க வந்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கோப்புகளை அடுக்கினேன். பத்து மணிக்குப் பிளேன்டீ வந்தது. கோப்பையோடு என் மேசைக்கு வந்தார்.

"அந்தப் பொலிஸ் ஸ்டேஷன் நல்ல பழைய கட்டிடம். நீர் மேல பாத்தனீரே? ஓடுகளுக்கு நடுவில ரெண்டு கண்ணாடி ஓடு. காலமை வெயில் அதுக்குள்ளால இறங்கி, சுவர் நீளத்துக்கு நகர்ந்து வருது."

 "திரும்பி வரலாமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒருக்கால் காணும்," என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கண்டாரோ தெரியாது, கேட்டில் லொறி ஹோர்ன் அடித்தது, போய்விட்டார்.

சனிக்கிழமை, "நாளைக்கு வாறீரோ?" என்று கேட்டார். வீட்டில் மாமாவும் அப்பாவும் எனக்குத் தடை போட்டிருந்தார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். "அம்மாவுக்குக் காய்ச்சல்க்கா," என்றேன்.

"சரி," என்றார். என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார், பேய் முகமூடியைப் பார்த்தது போல. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து காலித் துறைமுகத்துக் கிளை அலுவலகத்துக்கு ஒருவர் தேவைப்பட்டார். தமிழர் ஒருவரும் போக விரும்பவில்லை. தெற்கில் தனியாக எப்படி இருப்பது என்ற பயம். அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கனடாவில் இருக்கும் தமையன் கூப்பிடுகிறானாம், அதற்கு முன் இடம் மாறி இருக்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். பொலிஸ் பிரச்சினையால் வீட்டுக்காரி அறையை விட்டு எழுப்பிவிட்டாள் என்று சிலர். தலைமை எழுதுவினைஞர் நேரிலேயே கேட்டார், ஏன் பிள்ளை காலிக்கு என்று. "காலிக் கோட்டை பார்க்கேல்லை இன்னும்," என்றார் அவர். பெரியவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு நானும் அந்த யார்டை விட்டு விலகினேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் கற்பித்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் முடித்தேன். வீட்டில் போட்ட தடை ஒரு வருடம் நீடித்தது. அதற்கு மேல் அப்பாவால் முடியவில்லை. இன்றைக்குக் கொழும்பிலும் அயலிலும் நான் பார்க்காத பழைய கட்டிடம் குறைவு. பலகைகளை வாசிப்பதை நான் விடவில்லை. அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் நினைக்கவும் இல்லை. பெரியவரின் காய்ச்சல் விஷயத்தில் இப்போதும் எனக்கு அவரோடு சண்டை உண்டு. எங்கேயும் வாசல் பக்க மேசையில்தான் உட்காருவேன். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வருகைப் புத்தகத்தை நீட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். அந்த இரண்டு புள்ளியை வைக்கும்போது கை ஒரு நொடி தயங்கும். ஏழு வருடமாக அது தயங்குகிறது. என் குடும்பத்தில் கைநாட்டு வைத்தவர்கள் ஒருவரும் அந்த விரலால் பொய் சொன்னதில்லை. படித்தவள் நான்தான் சொன்னேன்.

போன மாதம் அரசாங்க ஆசிரியர் நியமனத்துக்கான படிவம் வந்தது. எங்கள் சந்துக்கே அது திருவிழா. அதில் பதினோராவது கேள்வி: எப்போதாவது பொலிஸாரால் விசாரிக்கப்பட்டு வாக்குமூலம் கொடுத்ததுண்டா? ஆம் எனில் விபரம் தருக.

"இல்லன்னு போட்டுரு," என்றாள் அம்மா. "அவங்க அத எப்பவோ மறந்துட்டாங்க."

"நான் மறக்கலம்மா."

"ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு போடு. அதத்தானே அங்கயும் எழுதிக் குடுத்த," என்றார் அப்பா. "இப்பப் போயி கிளறுனா வேல கெடைக்குமா?"

கிடைக்காமல் போகலாம். அது எனக்குத் தெரியும். இந்த யுத்தத்துக்குள் ஒரு தமிழ்ப் பெண் தானாகப் பொலிஸுக்குப் போய், நான் அன்று சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தால் வேறு என்னவும் நடக்கலாம். இரண்டு வாரம் யோசித்தேன். பிறகு தமிழில் ஒரு பக்கம், அதே விஷயம் சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதினேன். எனக்கு ஆஸ்பத்திரியில் சித்தி எவரும் இருக்கவில்லை என்றும், மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்க்கவே போனேன் என்றும், என்னோடு வந்தவர் சொன்னதே உண்மை என்றும். வழி தவறவில்லை என்பதைத் தனி வரியாக எழுதினேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அப்பா வாசல் வரை வந்தார். மேசையில் இருந்தவர் இளம் ஆள். இரண்டு தடவை வாசித்தார். பழைய கோப்பு எங்கே இருக்கிறதோ தெரியாது, இது தேவையில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். ஏற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் தாருங்கள், போகிறேன் என்றேன். அரை மணி நேரம் நிற்கவைத்தார். நின்றேன். குத்தினார்.

படிவத்தில் பதினோராவது கேள்விக்கு ஆம் என்று எழுதி, முத்திரை விழுந்த பிரதியை அதோடு இணைத்து, வெள்ளிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.